நாய்க்கு அரிப்பா? எண்ணெய்க் கிண்ணத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!

போன ஐப்பசியில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் வைத்தியசாலைக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் பெண் குழந்தை. குழந்தையின் முன்கைகளிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிகிறாளாம். அம்மாவுக்கும் கையில் லேசாக ஆரம்பித்திருந்தது.

"கரப்பான்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க டாக்டர். கத்திரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்திட்டோம். வேற என்ன பத்தியம் இருக்கணும்?" என்று கேட்டார் அந்த அம்மா.

தடிப்பு இருந்த இடங்களைப் பார்த்தேன். முன்கை, வயிறு, தொடையின் மேல்புறம். எதையோ மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சினால் எங்கெல்லாம் படுமோ, அங்கெல்லாம்தான் இருந்தது. "வீட்டுல நாய் இருக்கா?" என்று கேட்டேன்.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருக்கு டாக்டர். அதுக்கும் ஒரு மாசமா ஓயாத அரிப்பு. காது ஓரமெல்லாம் முடி கொட்டிப் போச்சு. எண்ணெய் போடுறோம், கேட்க மாட்டேங்குது. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாமான்னு யோசிக்கிறோம்" என்றார் அப்பா. அதுவரை கையைச் சொறிந்துகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்திவிட்டாள். கண்ணில் நீர் தளும்பியது.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் குழந்தைதான் காரணம். தெருவில் தோல் உரிந்து, முடி கொட்டி அலையும் நாய்களில் சில ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சோபாவில் படுத்திருந்தவைதாம். அரிப்பு தீரவில்லை, வீடெல்லாம் நாற்றம், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். கடைசியில் ஒரு நாள் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அவற்றில் பல சில வாரச் சிகிச்சையில் சரியாகிவிடக்கூடிய நோய்கள் என்பதுதான் கொடுமை.

'சித்த வைத்தியருக்கு நாய் வைத்தியத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். மனிதர்களுக்கு நாடி பார்க்கத் தெரியும். நாய்க்கு நாடி பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால், 'இது மூலிகைதானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?' என்ற நினைப்பில் நாய்க்கு எதையாவது பூசிவிட்டு அவதிப்படுகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் மருந்துகளைத்தான் பூசுகிறார்கள். அதனால் இதைச் சொல்லும் பொறுப்பும் எங்களுக்கு உண்டு. தவிர, அந்தத் தப்பை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

என் வீட்டு மணியின் கதை

மணி எங்கள் வீட்டு நாய். சிப்பிப்பாறைக் கலப்பு, பழுப்பு நிறம், குட்டை ரோமம். ஒரு மழைக்காலத்தில் வாலடியைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் பாட்டிமார் செய்ததைத்தான் செய்தேன். தேங்காய் எண்ணெயைச் சுட வைத்து, கர்ப்பூரத்தைப் பொடித்துப் போட்டு, ஆறியதும் வாலடியிலும் தொடையிலும் தாராளமாகத் தடவிவிட்டேன். நமக்கு அரிப்புக்குப் போட்டுக்கொண்டால் ஜில்லென்று எவ்வளவு சுகமாக இருக்கிறது!

மணி அதை நக்கித் தீர்த்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. வாந்தி எடுத்தது. அப்புறம் உடம்பு நடுங்கி, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின. என் மனைவி அழுகிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். வலிப்பை அடக்க ஊசி, சலைன், ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு. மறுநாள் மத்தியானம் மணி எழுந்து நின்றது.

கர்ப்பூரம் நாய்க்கு விஷம். நக்கினாலும் சரி, தோல் வழியாக உள்ளே போனாலும் சரி, நரம்பைத் தாக்கி வலிப்பை வரவழைக்கும். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கால்நடை மருத்துவர் என் மகள் வயதுப் பெண். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நெருக்கமான பற்கள் உள்ள சீப்பு ஒன்றை எடுத்து மணியின் வாலடியில் வாரினார். சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கருப்புத் துகள்கள் வந்தன. அதை நனைந்த வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். ஒவ்வொரு துகளையும் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவியது. "தெள்ளுப்பூச்சியோட எச்சம் சார். உள்ளே இருக்கிறது மணியோட ரத்தம்" என்றார். ஐந்து நிமிஷ வேலை, ஒரு துண்டுக் காகிதம். நானோ காரணத்தைத் தேடாமல் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

நாய்க்குப் பூசுவதெல்லாம் உள்மருந்துதான்

சித்த மருத்துவத்தில் அக மருந்து, புற மருந்து என்று இரண்டாகப் பிரிப்போம். புற மருந்தில் கொஞ்சம் வீரியமான சரக்குகளைச் சேர்ப்பதுண்டு. ஆறாத புண்ணுக்குப் போடும் சில களிம்புகளில் துருசு இருக்கும், மிருதார்சிங்கி இருக்கும், பாதரசம்கூட இருக்கும். மனிதன் அதை நக்க மாட்டான் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை அவை. நாய் விஷயத்தில் அந்த நம்பிக்கை முதல் நிமிஷத்திலேயே பொய்த்துப் போகிறது. அதன் நாக்குதான் அதற்குத் துண்டு, சோப்பு, சீப்பு எல்லாம். ஆகவே நாயின் உடம்பில் எதைப் பூசினாலும் அதை வாயில் ஊட்டியதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிருதார்சிங்கி என்பது ஈயம் கலந்த சரக்கு. அதை நாய்க்கு ஊட்டுவீர்களா?

அலோபதி மருந்துக் கடையில் வாங்குவதும் இப்படித்தான். வேர்க்குருவுக்கு வைத்திருக்கும் கலமைன் லோஷனில் துத்தநாகம் இருக்கிறது. நக்கினால் வாந்தி வரும். நிறையப் போனால் ரத்த அணுக்களையே உடைக்கும். சொரியாசிஸுக்குத் தரும் கால்சிபோட்ரியால் களிம்பு நாய்க்குக் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. தாத்தா தன் காலில் பூசியிருக்கும் களிம்பை நாய் நக்காமல் பார்த்துக்கொள்வதுகூட அவசியம்.

இன்னொரு விஷயம், தோலே வேறு. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. ரோமம் அடர்ந்த இடங்களில் 3 முதல் 5 அடுக்கு உயிரணுக்கள்தான். நம் தோலில் லேசான புளிப்புத் தன்மை உண்டு. நாயின் தோல் அந்த அளவுக்குப் புளிப்பு இல்லாமல் நடுநிலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நமக்கென்று செய்த சோப்பும் ஷாம்பும் அதற்குப் பொருந்தாததற்கு இதுதான் காரணம். நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதும் கிடையாது, பாதத்தில்தான் வியர்க்கும். 'வேர்க்குரு மாதிரி வந்திருக்கு' என்று சிலர் சொல்வார்கள். நாய்க்கு ஏது வேர்க்குரு? அது வேறு ஏதோ ஒன்று. என்னவென்று பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் பூச்சி மேல்தான்

நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் நாயின் அரிப்புக்கு முதல் காரணமாகச் சந்தேகிக்க வேண்டியது பூச்சிகளைத்தான். தெள்ளு, உண்ணி, பேன், கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி. 'எங்க நாய் வீட்டை விட்டு வெளியே போறதே இல்லை, பூச்சியெல்லாம் வராது' என்று சொல்லாத வீடு கிடையாது. நம் செருப்போடும் பூனையோடும் மாடிப்படியோடும் அது வந்து சேர்ந்துவிடும்.

தெள்ளு கடிக்கும்போது அதன் எச்சில் நாயின் தோலுக்குள் போகிறது. சில நாய்களுக்கு அந்த எச்சில் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட நாய்க்கு உடம்பு நிறையத் தெள்ளு வேண்டியதில்லை. இரண்டு மூன்று கடித்தாலே போதும், நாள் கணக்கில் அரிக்கும். வாலடி, இடுப்பின் பின்பாகம், தொடையின் பின்புறம் இந்த இடங்களில் முடி கொட்டிப் புண்ணாகியிருந்தால், நான் சொன்ன ஈரக் காகிதச் சோதனையை இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள்.

நாயின் மேல் நீங்கள் பார்க்கும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் நூற்றுக்கு 5 தான். மீதி முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகப் பாயிலும் மிதியடியிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். 'மருந்து போட்டோம், பதினைந்து நாளில் திரும்பவும் வந்துடுச்சு, மருந்து டூப்ளிகேட்' என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறோம். மருந்து சரியானதுதான். வீட்டைத்தான் நாம் கவனிக்கவில்லை. நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். சோபா இடுக்கு, கட்டிலடி எல்லாம் நன்றாகக் கூட்டுங்கள். வீட்டில் எத்தனை நாய், பூனை உண்டோ அத்தனைக்கும் ஒரே நாளில் மருந்து. ஆனால் நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். நாய்க்கான சில மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

உண்ணியின் கதை இன்னும் மோசம். நம் வீடுகளில் காணும் பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவரில் சாரை சாரையாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அரிப்பு போகட்டும், அது கொண்டுவரும் ரத்த நோய்தான் ஆபத்து. எர்லிக்கியா, பபேசியா என்று இரண்டு கிருமிகள். ஊர்ப்பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

உண்ணியை நகத்தால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்றவும் வேண்டாம். சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

சொறிப்பூச்சியில் இரண்டு சாதி. ஒன்று, அரிப்பென்றால் அப்படி ஒரு அரிப்பைத் தரும். காது ஓரம், முழங்கை, அடிவயிறு, குதிகால் என்று தொடங்கும். நாயின் காது மடல் ஓரத்தை விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகச் சொறிவது போல அசைந்தால் சந்தேகம் பலமாகிறது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பல சமயம் இந்தப் பூச்சி அகப்படாது. அதனால் அறிகுறியை வைத்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவதுண்டு. இது மனிதர்களுக்கும் தாவும். என்னிடம் வந்த குழந்தைக்கு வந்தது இதுதான். நம் உடம்பில் இந்தப் பூச்சி குடும்பம் நடத்திப் பெருகாது. நாயைக் குணப்படுத்தினால் நமக்கும் சில வாரங்களில் அடங்கிவிடும். நாயை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் எத்தனை மருந்து போட்டாலும் தீராது.

இரண்டாவது சாதி, தாயின் மடியில் பால் குடிக்கும்போதே குட்டிக்கு வந்துவிடுவது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி கொட்டும். அரிப்பு அதிகம் இருக்காது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளில் சாதாரணம். இது யாருக்கும் ஒட்டாது, பயப்பட வேண்டாம். சின்னத் திட்டாக இருந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். உடம்பெல்லாம் பரவினால் மருந்து அவசியம்.

பூச்சிகளுக்கு இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன. மாதம் ஒரு மாத்திரை, சிலவற்றில் மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். நக்கிவிடுமே என்ற கவலையும் கிடையாது. வலிப்பு வரும் நாய் என்றால் மட்டும் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஐவர்மெக்டின் என்ற மருந்தைச் சிலர் மாட்டு ஊசியிலிருந்து அளவு தெரியாமல் எடுத்துப் போடுகிறார்கள். கோலி போன்ற சாதி நாய்கள் அதில் உயிரைவிடக்கூடும். கடையில் கேட்டு வாங்குவதை விட்டு, நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஈரமும் பூஞ்சையும்

மழைக்காலத்தில் காதிலிருந்து ஊசிப்போன எண்ணெய் நாற்றம் வருகிறதா? விரலிடுக்கு பழுப்பாகி, தோல் பிசுபிசுக்கிறதா? அங்கே ஈஸ்ட் பெருகியிருக்கிறது. இதற்கு எண்ணெய் தடவுவது நெருப்பில் நெய் ஊற்றுவதுதான். கொழுப்புதான் அதற்குச் சாப்பாடே.

வட்டமாக முடி கொட்டி ஓரம் செதிலாக இருந்தால் படர்தாமரை. இது குழந்தைகளுக்கு நன்றாகவே ஒட்டும். மருந்துக் கடையில் படர்தாமரைக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒன்றாய்க் கலந்த டியூப் ஒன்றைத் தருவார்கள். மனிதர்களிடமே அது பண்ணும் அட்டகாசத்தை என் வைத்தியசாலையில் தினம் பார்க்கிறேன். முதல் வாரம் மறைந்த மாதிரி இருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் பரவும். அதை நாய்க்கும் போட்டு, நாயை நக்கவும் விட்டால் கேட்க வேண்டாம்.

லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளித்தபின் சரியாகத் துவட்டாமல் விட்டால், ராத்திரி நன்றாக இருந்த கன்னத்திலோ தொடையிலோ காலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சீழ் கசியும் சிவப்புப் புண் வந்திருக்கும். நாயே கடித்து நக்கி உண்டாக்கிக்கொள்வது. 'ஹாட் ஸ்பாட்' என்கிறார்கள். சுற்றியுள்ள முடியை வெட்டி, காற்றுப் படவிட்டு, ஆறிய உப்புத் தண்ணீரில் துடைத்து, கழுத்தில் கூம்பு மாட்டி அழைத்துப் போங்கள். வலியில் அது உங்களையே கடிக்கலாம். முடி வெட்டும்போது ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். கடித்துவிட்டால், நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல், சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவி, மருத்துவரைப் பாருங்கள்.

நிஜமான அலர்ஜி

பூச்சி இல்லை, பூஞ்சையும் இல்லை, ஆனாலும் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, முகத்தைத் தரையில் தேய்க்கிறது, காதில் அடிக்கடி சீழ் வைக்கிறது என்றால்தான் அலர்ஜியைப் பற்றி யோசிக்க வேண்டும். நம்மில் பலர் நேராக இங்கேதான் வந்து நிற்கிறோம். 'கோழிக்கறி சூடு, அதான் அரிக்குது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சூடு என்பது எங்கள் வார்த்தை. அதை நாயிடம் இவ்வளவு சுலபமாகப் பயன்படுத்தக் கூடாது என்று வைத்தியனாக நானே சொல்கிறேன்.

உணவு அலர்ஜி நாய்க்கு உண்டுதான். மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை இவைதாம் அதிகம் அகப்படுபவை. சாது போலத் தெரியும் தயிர்சாதமும் பிஸ்கட்டும்கூடக் காரணமாக இருக்கலாம்! கண்டுபிடிக்க ஒரே வழி, நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள் இரண்டை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பது. அரிப்பு குறைந்தால், பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு திரும்பினால் நிச்சயம். என்ன கொடுப்பது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வளரும் குட்டிக்கு இஷ்டத்துக்குச் சாப்பாட்டை மாற்றக் கூடாது. இந்தச் சோதனை தோற்பது யாரால் தெரியுமா? வீட்டுப் பெரியவர்களால். ஏழு வாரம் பத்தியம் காத்த பிறகு, 'பாவம், பார்த்துக்கிட்டே இருக்கே' என்று தாத்தா ஒரு பால் பிஸ்கட்டைப் போடுவார். எல்லாம் போச்சு.

காற்றில் வரும் தூசுப்பூச்சி, மகரந்தம், பூஞ்சைத் தூள் இவற்றால் வருவது வேறு வகை. பெரும்பாலும் 6 மாதத்துக்கு மேல் 3 வயதுக்குள் தொடங்கும். பக், லாப்ரடார் போன்ற சாதிகளில் பரம்பரையாகவே வரும். இதை வேரோடு அறுக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். எங்கள் மனித நோயாளிகளிடம் காளாஞ்சகப்படையைப் பற்றிப் பேசும்போதும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறேன்; 'பூரண குணம்' என்று எவர் சத்தியம் செய்தாலும் பர்ஸைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மந்திரம் போட்ட மாதிரி அரிப்பு நிற்கும். அவசரத்துக்குச் சில நாள் மருத்துவர் கொடுப்பதில் தப்பில்லை. நாமே மாதா மாதம் 'அந்த ஊசியைப் போடுங்க' என்று கேட்டு வாங்கினால், நாய்க்குத் தண்ணீர்த் தாகம் அதிகமாகி, ஓயாமல் சிறுநீர் கழித்து, உடம்பு ஊதி, தோல் காகிதமாய் மெலியும். உள்ளே சொறிப்பூச்சி இருந்தால் கொண்டாட்டம்தான். இப்போது அரிப்பை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் வேறு மாத்திரைகளும் ஊசியும் இருக்கின்றன. விலை கூடுதல், மருத்துவரிடம் விசாரியுங்கள்.

முகம் திடீரென்று வீங்கினால், குளவியோ எறும்போ கடித்திருக்கலாம். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். தரை துடைக்கும் பினாயிலும் அடிவயிற்றையும் பாதத்தையும் எரிச்சலாக்கும். பினாயில் போட்டுத் துடைத்தால் மறுபடி வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபின் நாயை உள்ளே விடுங்கள்.

அப்படியானால் வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா?

செய்யலாம். சித்த வைத்தியன் வேப்பிலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்களும் விடமாட்டீர்கள்! ஒரு கைப்பிடி வேப்பிலையை 2 லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறியபின் கால்களையும் வயிற்றையும் அலசி, ஈரம் போகத் துவட்டிவிடலாம். குடிக்க விடாதீர்கள். புண் திறந்திருந்தால் வேண்டாம். இது லேசான அரிப்புக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும், அவ்வளவுதான். சொறிப்பூச்சியைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன். வேப்பெண்ணெயை நேரடியாகத் தேய்ப்பது வேறு சமாசாரம். தோலை எரிக்கும், நக்கினால் வாந்தி.

அதைவிட நல்ல மருந்து வெறும் தண்ணீர். வெளியே போய் வந்ததும் நாலு பாதங்களையும் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வையுங்கள். நல்ல தோல் உள்ள நாய்க்கு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நாய்க்கான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நுரை துளியும் இல்லாமல் அலசுதல். மருந்து ஷாம்பு என்றால் நுரையோடு 10 நிமிஷம் ஊற வேண்டும். போட்ட உடனே ஊற்றிக் கழுவிவிட்டு 'வேலை செய்யலை' என்பவர்கள்தான் அதிகம். சீயக்காய் வேண்டாம், கண்ணில் பட்டால் அது வாயால் சொல்லக்கூட முடியாது.

வேண்டவே வேண்டாத சிலதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் செய்கிறார்கள். வண்டியின் கழிவு ஆயில், புகையிலைத் தண்ணீர், கரப்பான்பூச்சிப் பொடி, சாக்பீஸ், டீ ட்ரீ எண்ணெய். 'உண்ணி அண்டாது' என்று பூண்டை அரைத்துச் சோற்றில் கலப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. மாட்டு மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் போடுவது நல்ல முறை. அதே உருண்டையை நாயின் புண்ணில் அப்பிக்கொண்டு வந்த ஒரு தோட்டக்காரரைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அந்த மெல்லிய தோலைப் பொசுக்கிவிட்டிருந்தது. நம் அரிப்பு மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். சளி மாத்திரையோடு சேர்ந்து வருபவற்றில் பாரசிட்டமால் போன்ற வேறு சரக்குகளும் இருக்கும். நாயின் ஈரலுக்கு அது ஆகாது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு சின்னக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். அரிப்பு எந்த மாதம் தொடங்கியது, முதலில் எந்த இடம், வருஷா வருஷம் இதே பருவத்தில் வருகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா, என்னென்ன பூசினீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். நானும் அன்றைக்குக் 'கர்ப்பூரம்' என்று சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் போன நிமிஷங்கள் மணியுடையவை.

சரி, அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? குழந்தைக்கு அரிப்பைத் தணிக்க மருந்து கொடுத்தேன். கத்திரிக்காயைத் தாராளமாகச் சாப்பிடச் சொன்னேன். மணியைக் காப்பாற்றிய அதே மருத்துவரிடம் நாயை அனுப்பினேன். மாத்திரை, மருந்துக் குளியல், படுக்கைத் துணியெல்லாம் வெந்நீரில். நாய் கொஞ்ச நாளைக்குத் தனிப் பாயில். மூன்று வாரம் கழித்துக் குழந்தையின் கைகள் சுத்தமாக இருந்தன. மார்கழியில் அந்த அப்பா செல்போனில் ஒரு படம் காட்டினார். நாயின் காது ஓரத்தில் புதுசாக முடி பூனை ரோமம் போல முளைத்திருந்தது. குழந்தையின் கட்டிலடியில் அதன் பாய். "மேலே ஏத்தலாமான்னு தினம் கேட்கிறா டாக்டர்" என்றார்.

"இன்னும் ஒரு தடவை அந்த டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு ஏத்துங்க" என்றேன்.